ஒரு காலண்டர் தாள் போதும்: நேரமும் மனசும் ஒத்துழைக்காத நாள்களில் எழுத்தை விடாமல் வைத்திருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காலை ஐந்தரைக்கு எழுந்து, மூன்று டப்பா கட்டி, குரோம்பேட்டையில் ரயில் பிடித்து, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, நாள் முழுக்கக் கணக்குப் பார்த்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு வீடு வந்து சேர்கிறேன். இதற்கு நடுவில் பதினொரு வருஷமாகக் கதையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் முதல் நாலு வருஷம் எழுதியதைவிட எழுதாமல் தவித்ததுதான் அதிகம். அந்தத் தவிப்பு இன்னொருவருக்கு வேண்டாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

"எழுதணும்னு ஆசை இருக்கு, நேரம்தான் இல்லை" என்று பலர் சொல்லக் கேட்கிறேன். உண்மைதான். ஆனால் நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு, அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பத்து நாள் விட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால், முதல் முக்கால் மணி நேரம் தேடலிலேயே போய்விடும். இவளுக்கு என்ன பேர் வைத்தோம், மாமியார் ஊரில் இருக்கிறாளா செத்துப்போனாளா, எந்த இடத்தில் விட்டோம் என்று பழையதைப் படித்து உள்ளே நுழைவதற்குள் குக்கர் கூப்பிடும். தினமும் ஒருமுறை தொட்டிருந்தால் அதே நுழைவுக்கு இரண்டு நிமிடம் ஆகாது. ஆகவே கீழே சொல்லப்போகும் எல்லாமே ஒரே காரியத்துக்காகத்தான்: கதையின் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்வது. எவ்வளவு எழுதினோம் என்பது அப்புறம்.

முதல் படி: ஒரு வாரம் எழுதாதீர்கள், கவனியுங்கள்

நாளை காலை நாலு மணிக்கு எழுந்து எழுதுவேன் என்று சபதம் எடுக்காதீர்கள். நானும் எடுத்திருக்கிறேன். மூன்றாம் நாள் ரயிலில் நின்றபடியே தூங்கினேன்.

அதற்குப் பதிலாக ஒரு வாரம், எங்கெல்லாம் காத்திருக்கிறீர்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். என் பட்டியல் இப்படி வந்தது: குக்கர் விசிலுக்கு 15 நிமிடம். ரயிலில் போக 40, வர 40. மேல்தொட்டிக்கு மோட்டார் போட்டுவிட்டு நிற்கும் 20. செவ்வாயும் வியாழனும் மகளை டியூஷனில் விட்டுவிட்டு வெளியே மரத்தடியில் உட்காரும் 50.

பட்டியல் கிடைத்ததும் அதை ஒரே மாதிரி நேரமாக எண்ணிவிடக் கூடாது. இதுதான் எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. தலை ஓய்ந்திருந்தும் கை ஓயாத நேரம் ஒன்று. காலை ரயில் அப்படித்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் நோட்டை எடுக்க முடியாது, ஆனால் தலைக்குள் யாரும் கூட்டம் போடவில்லை. கை ஓய்ந்திருந்தும் தலை களைத்துப்போன நேரம் இன்னொன்று. ராத்திரி பத்து மணி. அப்போது புதிதாக ஒரு வரி வராது. இரண்டும் கூடிவரும் நேரம் மிகக் கொஞ்சம், அந்த டியூஷன் மரத்தடி மாதிரி.

ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை கொடுங்கள். ரயிலில் நின்றுகொண்டு ஒரே ஒரு வாக்கியத்தை உருட்டுங்கள். நான் கிண்டியில் ஆரம்பித்து கோடம்பாக்கம் வருவதற்குள் ஒரு வாக்கியத்தை நாலு விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். எழும்பூர் தாண்டியும் நினைவில் நிற்பது நல்ல வாக்கியம், அதை இறங்கியதும் எழுதிக்கொள்வேன். ராத்திரி பத்து மணிக்கு ஒற்றுப்பிழை பாருங்கள், அடித்ததைத் திருத்தி எழுதுங்கள், பெயர்களைச் சரிபாருங்கள். களைத்த தலைக்கும் அது முடியும். மரத்தடி நேரத்தை மட்டும் புதிதாக எழுதுவதற்கே ஒதுக்கி வையுங்கள். அதில் போனில் ஒரு பதில்கூட அனுப்பாதீர்கள்.

ஓஎம்ஆர் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும், அது பெரிய வரம். பைக்கில் போகிறவர்கள் தலைக்குள் உருட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போனை வண்டியை ஓரங்கட்டிய பிறகுதான் தொட வேண்டும்.

இரண்டாம் படி: அளவைக் காலண்டர் தாளுக்குள் அடக்குங்கள்

எங்கள் வீட்டு ஹாலில் தினசரி காலண்டர் தொங்குகிறது. மளிகைக் கடையில் பொங்கலுக்கு முன்னால் தருவார்களே, அந்த வகை. முன்பக்கம் தேதி, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் வெள்ளை. ஒருநாள் காலையில் முந்தின நாள் தாளைக் கிழித்து, வேறு காகிதம் கைக்கு எட்டாததால் அதன் பின்னால் ஒரு வசனம் எழுதினேன். மறுநாளும் எழுதினேன். ஏழு வருஷமாக அதுவே என் அளவாகிவிட்டது.

என் கையெழுத்தில் அந்தத் தாளில் 45 சொல் பிடிக்கும். தாள் மெல்லிசு, மை மறுபக்கம் ஊறும், அதனால் பென்சில். தாள் நிறைந்தால் அன்றைய வேலை முடிந்தது. மேலும் எழுதத் தோன்றினால் நேற்றைய தாளுக்குப் பின்னால் இன்னொரு காகிதம் சேர்த்து எழுதலாம், தடையில்லை. ஆனால் கடமை ஒரு தாள்தான்.

இவ்வளவு சின்ன அளவு எதற்கு என்று கேட்பீர்கள். உங்களுடைய மிக மோசமான நாளை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல், ஆபீசில் மாதக்கடைசி, வீட்டில் விருந்தாளி. அன்றைக்கும் முடிகிற அளவு எதுவோ அதுதான் உங்கள் அளவு. நல்ல நாளை வைத்து அளவு போட்டால் முதல் கெட்ட நாளிலேயே அது உடையும். உடைந்ததை மறுபடி ஒட்டவைக்கத்தான் ரொம்பக் கஷ்டப்படுகிறோம்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். வருஷத்தில் இரண்டு மாதம் எப்படியும் போகும். மார்ச்சில் பரீட்சை, தீபாவளி வாரம், ஊரில் கல்யாணம், நவம்பர் டிசம்பரில் மழைத் தண்ணீர் தெருவில் நிற்கும் நாள்கள். மிச்சம் 300 நாள். 300 தாள், 13,500 சொல். பத்திரிகைக்கு அனுப்பும் அளவில் ஒரு சிறுகதை 1,500 சொல் என்று வைத்தால், ஒன்பது கதை. ஒரு வருஷத்தில் ஒன்பது கதை எழுதுகிறவரை யாரும் நேரமில்லாதவர் என்று சொல்ல மாட்டார்கள்.

காலண்டர் இல்லாவிட்டால் 40 பக்க நோட்டு போதும், ஒரு பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். போனில் எழுதுகிறவர்கள் இணையத்தை அணைத்துவிட்டு எழுதுங்கள். செல்லினம் மாதிரி ஒரு விசைப்பலகை பழகிவிட்டால் ஒரு கையாலேயே தட்டலாம். குரல்வழித் தட்டச்சு வசனங்களுக்குக் கைகொடுக்கும், ஏனென்றால் பேச்சு பேச்சாகவே வரும். வருணனைக்கு அதை நம்ப வேண்டாம், திருத்துவதற்கே நேரம் போகும். வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பி வைக்கிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அதைத் திறந்தால் குடும்பக் குழுவில் நாற்பது செய்தி நிற்கும், நம் வரி அதற்குள் மறந்துபோகும்.

மூன்றாம் படி: தினமும் தவறாமல் நடக்கிற ஒன்றோடு கட்டிவிடுங்கள்

"நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் கிடைக்காது. ஒரு செயலின் வாலில் கட்டுங்கள்: தாளைக் கிழித்ததும், குக்கர் வைத்ததும், மோட்டார் போட்டதும். மணிக்கணக்கில் கட்டாதீர்கள். ஆறு மணி என்று வைத்தால் ஆறரை ஆகும்போது "இன்னிக்குப் போச்சு" என்று தோன்றும். மோட்டார் எப்போது போட்டாலும் மோட்டார்தான்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்வார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது மாதிரிச் சின்னச் சின்னச் செயல்கள். அவை யோசிக்காமலே நடக்கிற அளவுக்குப் படிய நடுவாக 66 நாள் ஆயிற்று, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசப்பட்டது. 2010-இல் வெளிவந்த அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. நடுவில் ஒருநாள் தவறியவர்களுக்குப் பழக்கம் படிவதில் பெரிய பாதகம் வரவில்லை.

நம் கணக்கில் சொன்னால் ஒரு மண்டலம் 48 நாள், அதற்குமேல் இன்னும் 18. அவ்வளவு நாளைக்கு "எனக்கு இது வராது போல" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். தவறிய நாளுக்கு மறுநாள் இரண்டு தாள் எழுதி ஈடுகட்டவும் வேண்டாம். கடன் சேர ஆரம்பித்தால் காலண்டரைப் பார்க்கவே பயமாகிவிடும்.

நான்காம் படி: வரி ஓடும்போதே நிறுத்துங்கள்

இது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சந்தோஷம். காட்சி முடியும் இடத்தில் நிறுத்தாதீர்கள். அடுத்து என்ன என்று நன்றாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். தாளின் கடைசி வரியில் நாளைக்கு உண்டானதை எழுதி வையுங்கள்: "நாளை: கதவைத் தட்டுவது தம்பி. கையில் பை இல்லை." காலையில் தாளைக் கிழிக்கும்போது அந்த வரிதான் முதலில் கண்ணில் படும். வெறும் தாளைப் பார்த்து உட்காரும் துன்பமே இல்லை. பிரிந்த பூச்சரத்தில் நுனி நார் கையில் இருந்தால் மேலே கட்டிக்கொண்டு போகலாம், அது மாதிரிதான்.

ஒரு கதை வளர்ந்த விதம்

பூச்சரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. தாள்கள் எப்படிக் கதையாகின்றன என்று சொன்னால்தான் நம்பிக்கை வரும், அதனால் ஒரு வாரத்துத் தாள்களை அப்படியே தருகிறேன்.

திங்கள்: "ஸ்டேஷன் படிக்கட்டு. பூக்காரம்மா இல்லை. பொண்ணு உட்கார்ந்திருக்கு. பதினாலு வயசு இருக்கலாம். முழம் போட்டுக் கொடுக்குது."

செவ்வாய்: "வாங்க வந்த அம்மா: 'உங்கம்மா முழம் பெருசும்மா. இது முக்கா முழங்கூட வராது.' பொண்ணு பதில் பேசலை. நாளை: அம்மாவுக்கு என்ன?"

புதன்: "அம்மாவுக்கு என்ன என்று படிக்கட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. முழத்தை மட்டும் கேட்கிறார்கள்."

வியாழன்: "அவள் கையை மடியில் நீட்டிப் பார்த்தாள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி. அம்மாவின் விரல் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும்."

வெள்ளி: "பூ விலை ஏறின நாள். நாளை: வெட்டுகிற இடம்."

சனி: "நடுவிரலைத் தாண்டி நாலு பூவை விட்டுக் கிள்ளினாள். அங்கேதான் அம்மா கை முடியும்."

திங்களும் செவ்வாயும் வெறும் குறிப்பு, கண்ணில் பட்டது, காதில் விழுந்தது. புதன்கிழமைத் தாளில்தான் எனக்கு இதில் கதை இருப்பது தெரிந்தது. வியாழக்கிழமை மொழி மாறுகிறது பாருங்கள், "பொண்ணு" "அவள்" ஆகிறாள். வெள்ளிக்கிழமை ஆபீசில் தலை தூக்க முடியவில்லை, ஏழு சொல்தான். ஆனால் அந்த ஏழு சொல்லில் "வெட்டுகிற இடம்" இல்லாமல் போயிருந்தால் சனிக்கிழமை வரி வந்திருக்காது. கதை முழுசாக எழுதி முடிய ஐந்து வாரம் ஆயிற்று, 1,100 சொல். அதில் சனிக்கிழமைத் தாள் ஒரு எழுத்துகூட மாறாமல் நிற்கிறது.

இந்த ஊரில் காதைத் திறந்து வைத்தால் போதும். ஷேர் ஆட்டோவில் முன்சீட்டில் பாதி வெளியே உட்கார்ந்திருப்பவர் போனில் பேசுவது, ரேஷன் கடை வரிசை, தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கிற ஒழுங்கு. கதையைத் தேடி ஊர் ஊராகப் போக நேரமில்லாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். கேட்ட ஒருவர் வாழ்க்கையை அப்படியே பேரோடு எடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

என்ன எழுதுவது என்பதிலும் ஒரு வார்த்தை. நேரம் குறைவான காலத்தில் ஒரு பக்கக் கதையும் சிறுகதையும் நம்மைத் தாங்கும். நாவல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் மூன்று சின்னக் கதைகளை முடித்துவிடுங்கள். முடிப்பது என்பதே தனியாகப் பழக வேண்டிய வேலை, ஆரம்பித்தது எல்லாம் பாதியில் நிற்கிற வீட்டில் மனசு எழுதவும் கூசும்.

ஐந்தாம் படி: மனசு வராத நாளில், எது வரவில்லை என்று பாருங்கள்

"மூடு இல்லை" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே வேறு வேறு காரணங்கள் இருக்கின்றன.

உடம்பு அலுப்பு என்றால் ஒரு வரி எழுதிவிட்டுத் தூங்குங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மூன்று நாளாக ஒரே காட்சியைத் தொடாமல் தள்ளிப் போடுகிறீர்கள் என்றால், பெரும்பாலும் தப்பு உங்கள் மேல் இல்லை, காட்சி மேல். அந்த இடத்தில் பாத்திரம் செய்யாத ஒன்றைச் செய்யவைக்கிறோம், கை அதை உணர்ந்து மறுக்கிறது. ஒரு கதையில் மகன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிற கட்டத்தை இரண்டு வாரம் எழுத முடியாமல் கிடந்தேன். கடைசியில் அவன் மன்னிப்புக் கேட்கவே மாட்டான் என்று புரிந்தது. அவன் அப்பாவுடைய செருப்பைத் தைக்கக் கொண்டுபோய்க் கொடுத்தான், அவ்வளவுதான். ஒரே நாளில் முடிந்தது. ஆகவே தள்ளிப்போடும் காட்சியைத் தாண்டி அடுத்ததை எழுதுங்கள், அல்லது தாளில் "இவன் உண்மையில் என்ன செய்வான்?" என்ற கேள்வியை மட்டும் எழுதி வையுங்கள்.

பயம் என்றால் அது வேறு முகத்தோடு வரும். திடீரென்று அலமாரி துடைக்கத் தோன்றும், இன்னும் நாலு புத்தகம் படித்துவிட்டு எழுதலாம் என்று தோன்றும். ஒரு பத்திரிகையிலிருந்து என் கதை மூன்றாம் முறையாகத் திரும்பியபோது எனக்கு அப்படித்தான் ஆயிற்று, இரண்டு மாதம் படித்துக்கொண்டே இருந்தேன். அதிலிருந்து வெளியே வர உதவியது, யாருக்கும் காட்டப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டு எழுதிய தாள்கள்தான். மூலையில் ஒரு சின்னப் பெருக்கல் குறி போடுவேன். குறி போட்ட தாள் எனக்கு மட்டும்.

அப்புறம் துக்கம். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாற்பது நாளும் நான் கதை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று இன்றும் தோன்றவில்லை. தாளில் டாக்டர் சொன்னதையும் மருந்து நேரத்தையும்தான் எழுதினேன். சில நாள் அப்பா சொன்ன ஒரு சொல். அந்த நாள்களில் உங்களை நீங்களே விரட்டாதீர்கள். கிழித்த தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் போதும்.

ஆறாம் படி: வாரம் ஒருமுறை நீளமாக உட்காருங்கள்

தாள்கள் தானாகக் கதை ஆகிவிடாது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வேண்டும், ஏழு தாளையும் வரிசையாகப் பரப்பி, தட்டச்சு செய்து, எது எதோடு சேரும் என்று பார்க்க. வீட்டில் அது நடக்காது என்றால் வெளியே போய்விடுங்கள். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நம் புத்தகத்தையும் நோட்டையும் கொண்டுபோய் உட்காரத் தனிப் பகுதியே இருக்கிறது, காசு கிடையாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வரிசையாகத் தலை குனிந்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தால் நமக்கும் எழுந்து போகத் தோன்றாது. வடக்கே இருப்பவர்களுக்கு எழும்பூரில் கன்னிமாரா, 1896-இலிருந்து இருக்கிற நூலகம்.

இந்த இரண்டு மணி நேரத்தில் புதிதாக எழுத ஆரம்பிக்காதீர்கள். சேர்ப்பது, வெட்டுவது, சத்தமில்லாமல் உதடசைத்துப் படித்துப் பார்ப்பது, அவ்வளவே. வீட்டில் இருப்பவர்களிடம் இதை முன்கூட்டியே பேசி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைச் சமையல் என் கணவருடையது. நான் கேட்டதால்தான் அது நடந்தது, கேட்காமல் நாலு வருஷம் மனசுக்குள் புழுங்கினேன்.

ஏழாம் படி: கேட்பதற்கு ஒருவர்

வாசகர் கூட்டம் வேண்டாம், ஒருவர் போதும். பல்லாவரத்தில் ஏறும் ஒரு தங்கை இருக்கிறாள், துணிக்கடையில் வேலை. லேடீஸ் பெட்டியில் என் தாளைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டாள். அதிலிருந்து, "அக்கா, அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு என்னாச்சு?" என்று ஏறியதும் கேட்பாள். "இன்னும் எழுதலைம்மா" என்று இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சொல்ல எனக்கு மனசு வராது. அவள் திருத்தம் சொல்வதில்லை. அடுத்து என்ன என்றுதான் கேட்கிறாள், எனக்கு அதுதான் வேண்டும். குறை கண்டுபிடித்துச் சொல்கிறவரிடம் கதை முடிந்த பிறகு போங்கள்.

வருஷத்துக்கு ஒரு கெடுவும் வைத்துக்கொள்ளலாம். 1977-இலிருந்து நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி இப்போது பொங்கலை ஒட்டி நந்தனத்தில் நடக்கிறதே, எனக்கு அதுதான் கெடு. அதற்குள் கையில் இருக்கிற கதையை முடித்து எங்காவது அனுப்பிவிட்டுத்தான் உள்ளே போவேன். அன்று வாங்கும் புத்தகங்கள் கையில் வேறு மாதிரி கனக்கும்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். எனக்கு அப்பாவுக்குப் பிறகு ஏழு மாதம் விட்டுப்போயிற்று. திரும்பி வருகிறவர்கள் செய்கிற தவறு, பழைய கதையைத் திறந்து முதலிலிருந்து படிப்பது. படித்தால் பாதி பிடிக்காது, மீதி யாரோ எழுதினது மாதிரி இருக்கும், மூடி வைத்துவிடுவோம். முதல் வாரம் பழைய கட்டைத் தொடாதீர்கள். அன்றன்று கண்ணில் பட்டதை ஒரு தாள் எழுதுங்கள், திங்கள் செவ்வாய்த் தாள்கள் மாதிரி வெறும் குறிப்பாக. எட்டாம் நாள் பழைய கட்டில் கடைசித் தாளை மட்டும் எடுங்கள். அதன் அடியில் "நாளை:" என்று ஒரு வரி இருக்கும். ஏழு மாதத்துக்கு முந்தைய அந்த நாளையை இன்றைய தாளின் பின்பக்கத்தில் முதல் வரியாக எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போங்கள்.